ஆஸ்திரேலியாவின் 462 விசா: வேலை பார்த்தபடி ஒரு வருடம் ஊர் சுற்ற இது சரிப்படுமா?

ஆஸ்திரேலியாவின் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா, அதாவது துணைப்பிரிவு 462, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் திறந்திருக்கிறது. 2022 டிசம்பர் 29இல் நடப்புக்கு வந்த இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1,000 இடங்கள். 18 வயது நிரம்பி 31 தொடாதவர், எந்த நிறுவனத்தின் வேலைக் கடிதமும் இல்லாமல் போய் இறங்கலாம். 12 மாதம் தங்கி, கிடைத்த வேலையைப் பார்த்து, மிச்ச நேரத்தில் நாட்டைச் சுற்றலாம், நான்கு மாதம் வரை படிக்கவும் செய்யலாம்.

நல்ல விசாதான். ஆனால் பிடிக்காத முதலாளியிடமிருந்து மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அளவுக்குக் கையில் காசு உள்ளவருக்கே அது நல்ல விசா. கடன் வாங்கிப் போய், முதல் மாதமே வட்டி அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். காரணம் கீழே ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும்.

முதல் தடை குலுக்கல். இந்தியா, சீனா, வியட்நாம் மூன்று நாட்டவருக்கு மட்டும் இந்தக் குலுக்கல் உண்டு. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையக் கணக்கான இமிஅக்கவுண்டில் பதிய வேண்டும். கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், இடம் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. (டாலரை 58 ரூபாயாக வைத்துக் கணக்குப் போட்டால் 1,450 ரூபாய்.) 2024இல் பதிவு அக்டோபர் மாதம் முழுவதும் திறந்திருந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டுத் துணை அமைச்சர் மேட் திஸில்த்வெய்ட் சொன்னார். இருப்பதோ ஆயிரம் இடம். கணினி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் பெயர்கள் இவை. முதலில் பதிந்தவர், கடைசியில் பதிந்தவர் என்ற வித்தியாசமே கிடையாது, படிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் இங்கே வேலையில்லை. ஆகவே "குலுக்கலில் பெயர் வர வைக்கிறோம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அது பொய். அவர் உங்களுக்காகச் செய்யக்கூடியது அந்த 25 டாலர் படிவத்தை நிரப்புவது மட்டுமே. அதற்கு அரை மணி நேரம் போதும், நீங்களே செய்துகொள்ளலாம். பதிவுக் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், தேதியை உள்துறையின் தளத்திலேயே பாருங்கள்.

பதிவுக்குக் கேட்பது கடவுச்சீட்டும் பான் கார்டும்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இங்கே நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: இனிஷியல். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். பானில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாக ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலியப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான் என்றால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதை வெறுமையாக விட வேண்டும். அப்பா பெயரை நாமாகச் சேர்க்கக் கூடாது. அடுத்து ஆங்கிலத் தேர்வு, விமானச் சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாமே கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். கடவுச்சீட்டு சீக்கிரம் காலாவதியாகும் என்றால் பதிவுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பதிந்த எண்ணும் விண்ணப்பிக்கும் எண்ணும் வேறாக இருந்தால் வீண் தலைவலி.

பெயர் வந்தால் மின்னஞ்சல் வரும். அன்றிலிருந்து 28 நாளுக்குள் விசா விண்ணப்பத்தைப் போட்டாக வேண்டும். கட்டணம் 2025 ஜூலை முதல் 670 டாலர், ஏறக்குறைய 38,900 ரூபாய். அதோடு நான்கு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்.

படிப்பு: பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். பட்டம் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. இறுதியாண்டில் இருப்பவர் இரண்டு ஆண்டு முடித்ததற்குக் கல்லூரியிடமும் பல்கலைக்கழகத்திடமும் கடிதம் வாங்க வேண்டும், இதுதான் 28 நாளில் நகராத காகிதம். குலுக்கலுக்குப் பதிந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை.

ஆங்கிலம்: ஐஇஎல்டிஎஸ் என்றால் நான்கு பகுதிகளின் சராசரி 4.5 போதும். பெரும்பாலான பட்டதாரிகளுக்கு இது எட்டாத உயரம் அல்ல. தேர்வு 12 மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், வீட்டிலிருந்தே எழுதும் வகை செல்லாது. குலுக்கல் முடிவுக்கு முன்பே எழுதி வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். வேறு எதற்கும் உதவாது என்றால், பெயர் வருமா என்றே தெரியாத குலுக்கலை நம்பிப் பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் செலவழிப்பது நியாயமில்லை. கணினி வழித் தேர்வு சென்னையிலும் கோவையிலும் அடிக்கடி நடக்கிறது, மதிப்பெண்ணும் சில நாட்களில் வந்துவிடும். 28 நாளுக்குள் அடங்கும். முழுக்க ஆங்கில வழியில் படித்ததற்கான கல்வி நிறுவனக் கடிதத்தையும் ஏற்கும் விதி உண்டு. ஆனால் அதில் "எத்தனை வருடம், எந்த வகுப்பு வரை" என்ற நுணுக்கங்கள் இருக்கின்றன, சந்தேகம் இருந்தால் தேர்வு எழுதிவிடுவதே மேல்.

பணம்: சுமார் 5,000 டாலரும், திரும்பி வரும் டிக்கெட்டுக்கான தொகையும். மாமா கணக்கிலிருந்து முந்தின நாள் வந்து விழுந்த மூன்று லட்சம் பார்த்தவுடன் தெரிந்துவிடும், மூன்று மாத அறிக்கையில் பணம் இயல்பாக நிற்க வேண்டும்.

உடல்நிலை, நன்னடத்தை: விண்ணப்பம் போட்டபின் ஒரு மருத்துவ எண் வரும். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலிய அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். மார்பு எக்ஸ்ரே உண்டு. போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா வழியாக. முகவரி மாறியவர்களுக்கு விசாரணை இழுக்கும், கணக்கில் வையுங்கள்.

முதல் முறை விண்ணப்பிக்கும்போதும் விசா வழங்கப்படும்போதும் நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். மனைவி, கணவன், குழந்தையைச் சேர்க்க முடியாது. விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்த நாளில்தான் உங்கள் ஒரு வருடம் ஓட ஆரம்பிக்கிறது. இந்த விசாவின் மிகப் பயனுள்ள அம்சம் இதுதான், பலர் இதை வீணடிக்கிறார்கள். அவசரப்பட்டு அடுத்த வாரமே பறக்க வேண்டியதில்லை. எந்தப் பருவத்தில் எங்கே வேலை இருக்கிறதோ அதைப் பார்த்து இறங்கும் மாதத்தை முடிவு செய்யலாம்.

பருவம் நமக்கு நேர் எதிர். ஜூன், ஜூலையில் மெல்போர்னில் குளிர்காலம். தென்பகுதித் தோட்டங்களில் அறுவடை அநேகமாக ஓய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வேலை குவீன்ஸ்லாந்தில்: போவென் பக்கம் தக்காளியும் குடைமிளகாயும், பண்டபெர்க் பக்கம் காய்கறிகள். டல்லி, இன்னிஸ்ஃபெயில் வட்டாரத்தில் வாழை வருடம் முழுதும் உண்டு. ஈரமும் புழுக்கமும் அதிகம், குலை சுமப்பது இடுப்பை வாங்கும் வேலை. செப்டம்பர் முடிந்தால் டார்வின், கேத்தரின் பக்கம் மாங்காய். டிசம்பர், ஜனவரியில் டாஸ்மேனியா செர்ரி, அதை ஒட்டி மில்டூரா திராட்சை, பிறகு ஆப்பிள். அரசு நடத்தும் 'ஹார்வெஸ்ட் டிரெய்ல்' என்ற இலவச சேவை எந்த ஊரில் எந்த மாதம் என்ன பயிர் என்று வரிசையாகச் சொல்கிறது. அதற்குக் காசு கேட்கும் தரகர் உங்களுக்குத் தேவையில்லை.

இறங்கியதும் செய்ய வேண்டியவை

சிம், வங்கிக் கணக்கு, வரி எண். வரி எண்ணுக்கு ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின் தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், தபாலில் வர 28 நாள் வரை ஆகலாம். தபால் வரும் முகவரி முக்கியம், இரண்டு வாரத்தில் காலி செய்யப்போகும் ஹாஸ்டலைக் கொடுத்தால் கடிதம் அங்கேயே கிடக்கும். எண் தராமல் வேலை பார்த்தால் சம்பளத்தில் 45 சதவீதம் பிடிப்பார்கள்.

முதல் மூன்று வாரச் செலவைத் தோராயமாகப் பார்ப்போம். பெரிய நகரத்தில் பங்கு அறைப் படுக்கை வாரம் 300 டாலர், சாப்பாடு 100, போக்குவரத்து 50. ஒரு வீட்டில் அறை எடுத்தால் நான்கு வார வாடகை முன்பணம், மேலும் இரண்டு வார வாடகை கையோடு. வாடகை 250 என்றாலே இது 1,500. ஆக மூன்று வாரத்தில் 2,850 டாலர் கரைகிறது, சம்பளமோ இன்னும் வரவில்லை. சேர்ந்தபின்னும் பல இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் சம்பளம். எனவே விசாவுக்குக் காட்டிய 5,000 டாலர் உண்மையிலேயே உங்களுடையதாக இருக்க வேண்டும். அதில் 1,500 டாலரையும் ஊர் திரும்பும் டிக்கெட் காசையும் தொடவே கூடாது. உங்கள் பேரம் பேசும் பலம் முழுக்க அந்தப் பணத்தில் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், விமான நிலையத்திலேயே: கருவேப்பிலை, விதை, பொடி, ஊறுகாய் என்று அம்மா கட்டிக் கொடுத்த எதையும் வருகை அட்டையில் மறைக்காதீர்கள். சொல்லிவிட்டால், அதிகம் போனால் குப்பையில் போடுவார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

இந்தியர்களுக்கு அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. ஒரு வருடத்துக்கான மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகவே போகாதீர்கள். அதில் ஆம்புலன்ஸ் உண்டா என்று பாருங்கள்.

சம்பளமும் வரியும்

2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். விடுப்பு எதுவும் இல்லாத கேஷுவல் வேலை என்றால் 25 சதவீதம் கூடுதல், அதாவது 31.19. வாரம் 38 மணி நேரம் கிடைத்தால் 1,185 டாலர். இந்த விசாக்காரர்களுக்கு வரி விலக்கு வரம்பே இல்லை, முதல் டாலரிலிருந்து 45,000 வரை 15 சதவீதம். கையில் வருவது வாரம் சுமார் 1,007. முதலாளி இந்த வகை விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராக வரி அலுவலகத்தில் பதிந்திருந்தால்தான் இந்த 15 சதவீதம், இல்லையென்றால் 30 பிடிப்பார். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. சில துறைகளுக்கும் பகுதிகளுக்கும் விலக்கு உண்டு. மதுபானம் பரிமாறும் வேலைக்கு ஆர்எஸ்ஏ சான்றிதழும் கட்டட வேலைக்கு வெள்ளை அட்டையும் வேண்டும். ஆர்எஸ்ஏ விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எங்கே வேலை என்று முடிவான பிறகு எடுங்கள்.

88 நாள்: இந்த விசாவின் பலமும் பலவீனமும்

முதல் வருடத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலையை மூன்று மாதம், அதாவது 88 நாள், செய்தால் இரண்டாம் வருட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குலுக்கலும் இல்லை, ஆயிரம் என்ற வரம்பும் இல்லை. இரண்டாம் வருடத்தில் ஆறு மாதம், 179 நாள், செய்தால் மூன்றாவது வருடம். கேட்க அழகாக இருக்கிறது. இளைஞர்கள் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் இந்த 88 நாளில்தான்.

பொதுவாக நடப்பது இது. பண்ணை ஊரில் உள்ள ஒரு ஹாஸ்டல், "எங்களிடம் தங்கினால் வேலை தருகிறோம்" என்று விளம்பரம் போடும். வாரம் 200 முதல் 300 டாலர் வரை வாடகை. போய்ச் சேர்ந்தால் "மழை, பழம் இன்னும் பழுக்கவில்லை, அடுத்த வாரம்" என்பார்கள். வாடகை மட்டும் ஓடும். வேலை கிடைத்தாலும் வாரம் இரண்டு நாள். கையில் காசு தீர்ந்தவர், 88இல் 40 நாள் சேர்த்துவிட்டவர், விட்டுப் போக மனம் வராமல் குறைந்த கூலிக்கும் தலையாட்டுவார். சேமிப்பு உள்ளவர் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்.

நாட்கணக்கு இப்படி: அந்தத் துறையின் முழுநேர வாரத்தை, அதாவது ஐந்து நாள் முழு வேலையை, முடித்தால் ஏழு நாளாக எண்ணுவார்கள். மூன்று நாள்தான் வேலை என்றால் மூன்றுதான். அதனால் 88 நாள் என்பது எல்லாம் சரியாகப் போனால் பதின்மூன்று வாரம், மழையும் இடைவெளியும் சேர்ந்தால் ஐந்து மாதம்கூட ஆகும். சம்பளமில்லாமல் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் செய்யும் வேலை கணக்கில் வராது. ஒவ்வொரு பே-ஸ்லிப்பும் வங்கி வரவும் பத்திரமாக இருக்கட்டும், முதலாளியின் பதிவு எண், வேலை பார்த்த இடத்தின் அஞ்சல் குறியீடு இரண்டும் அதில் தெரிய வேண்டும்.

இன்னொரு பொறி: இணையத்தில் கிடைக்கும் தகவல்களில் பாதி 417 விசாவைப் பற்றியது. அது வேறு நாட்டவருக்கானது. 417இல் சுரங்க வேலை கணக்கில் வரும், 462இல் வராது. அஞ்சல் குறியீட்டுப் பட்டியலும் வேறு. மாறாக, 462க்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வட ஆஸ்திரேலியாவில், உதாரணமாக கெய்ர்ன்ஸ், டவுன்ஸ்வில், டார்வின், புரூம் போன்ற ஊர்களில், ஓட்டல், சுற்றுலா வேலை பார்த்தாலும் நாள் சேரும். நம் ஊர்ப் பட்டதாரிக்குத் தோட்ட வேலை பழக்கமில்லை என்றால் இதுவே முதல் தேர்வு. சமையலறை உதவி, அறை சுத்தம், காபி போடுவது என்று நகர வேலைகளேதான், முழு நேரமும் கிடைக்கும். அங்கே மழை இல்லாத காலம், தோராயமாக மே முதல் அக்டோபர் வரை, பயணிகள் குவிவார்கள். ஏப்ரலில் போய் நின்றால் இடம் கிடைக்கும், நவம்பரில் போனால் பாதிக் கடை மூடத் தயாராகியிருக்கும்.

கூலியில் நடக்கும் தவறுகளை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ளலாம். பழத்தின் எடைக்கு, பெட்டிக்கு இவ்வளவு என்ற கூலி முறையில்கூட, 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டத் தொழிலில் மணிக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு. பார்த்த மணி நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "ஏபிஎன் (சொந்தத் தொழில் செய்பவருக்கான பதிவு எண்) எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லும் முதலாளி, உங்களை ஊழியராகக் காட்டாமல் ஒப்பந்தக்காரராகக் காட்டி, கூலி விதியிலிருந்தும் விபத்து இழப்பீட்டிலிருந்தும் தப்பப் பார்க்கிறார். கையில் ரொக்கமாகக் கூலி தருபவரும் அப்படியே. கத்தியில் கை வெட்டுப்பட்டால் உங்கள் பெயர் அவருடைய பேரேட்டிலேயே இருக்காது. புகார் செய்ய ஃபேர் ஒர்க் அலுவலகம், எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். "விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்று மிரட்டும் முதலாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது, விசாவை ரத்து செய்ய முடிந்தது உள்துறைக்கு மட்டுமே.

யாருக்கு வேறு வழி

பட்டம் முடித்து அலுவலக வேலையில் அனுபவம் சேர்க்க நினைப்பவருக்கு பிரிட்டனின் 'இந்தியா யங் ப்ரொஃபஷனல்ஸ்' திட்டம் பொருத்தமாக இருக்கலாம். ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கலில் சேரக் கட்டணமில்லை, இரண்டு வருடம் ஒரே மூச்சில் தங்கலாம், பண்ணைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் சேமிப்பு 2,530 பவுண்ட் 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும், விசாக் கட்டணத்தோடு இரண்டு வருட மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,552 பவுண்டும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டு குலுக்கலிலும் பதிந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ள தமிழருக்கு இதே 462 குலுக்கல் இல்லாமலே கிடைக்கும். பிரிட்டிஷ், கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் 417, அதுவும் 35 வயது வரை. இலங்கை இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை.

கடைசியாக, பலரும் விட்டுவிட்டு வரும் பணம். சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி 'சூப்பர்' என்ற ஓய்வுக்கால நிதியில் போடுகிறார். நாட்டைவிட்டு வெளியேறி, விசாவும் முடிந்தபின் அதை இணையத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரி. மேலே சொன்ன வாரம் 1,185 டாலர் வேலையை 26 வாரம் செய்தால் முதலாளி போடுவது சுமார் 3,700. நிதிக்குள் போகும்போதே 15 சதவீத வரி பிடித்துவிடுவார்கள், மிச்சத்தில் அந்த 65 சதவீதமும் போகக் கையில் வருவது சுமார் 1,100. மிகக் கடுமையான வரி இது, நியாயமென்று சொல்ல முடியாது. இருந்தும் அது சுமார் 64,000 ரூபாய். வேலைக்கு வேலை புது நிதிக் கணக்குத் திறந்தால் ஒவ்வொன்றும் கட்டணம் பிடிக்கும், முதல் வேலையில் தொடங்கியதையே எல்லா முதலாளிக்கும் கொடுங்கள். கணக்கில் ஆஸ்திரேலிய கைபேசி எண்ணை மட்டும் வைக்காமல் சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். சிம் செத்துப்போனபின் சரிபார்ப்புக் குறியீடு வராமல் நிற்பவர்கள் நிறைய. கேட்காமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் வரி அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்தும் கேட்கலாம்.